சைட்டை மாற்றியதும் லிங்க் உடைந்ததா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய சைட்டைப் புதிய மென்பொருளுக்கு மாற்றி முடித்த மறுநாள்தான் பெரும்பாலும் இந்தத் தலைவலி தொடங்கும். முகப்புப் பக்கம் அழகாக வரும். ஆனால் போன வருடம் யாரோ வாட்ஸ்அப்பில் பகிர்ந்த லிங்க் திறக்காது. கூகுளில் தேடி வருகிறவர்கள் 404-ஐ, அதாவது பக்கம் இல்லை என்ற பதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். இது சின்ன விஷயம் இல்லை. பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் எட்டாமல் போய்விட்டன. அவற்றில் கணிசமானவை சைட்டே மூடப்பட்டதால் போனவை இல்லை. சைட் இருக்கிறது, பக்கம் மட்டும் பழைய இடத்தில் இல்லை.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். எல்லாவற்றுக்கும் அடியில் நான் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: வெளியே ஒருமுறை கொடுத்த முகவரி மாறக்கூடாது, மாற வேண்டியதெல்லாம் சர்வருக்குள்தான். விறகடுப்பை எடுத்துவிட்டு கேஸ் அடுப்பு வைத்ததற்காக யாரும் வீட்டின் கதவு எண்ணை மாற்றுவதில்லை. முகவரியின் கடைசியில் வாலாக நிற்கும் .பிஎச்பி, .ஏஎஸ்பிஎக்ஸ் போன்ற எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் உள்ளே எரிகிற அடுப்பின், அதாவது சைட்டை ஓட்டும் மென்பொருளின் பெயர்கள்.

உதாரணத்துக்கு ஒரு சிறுபத்திரிகையின் தளத்தை எடுத்துக்கொள்வோம். பழைய முகவரி /கட்டுரை.பிஎச்பி?ஐடி=245. புதிய முகவரி /கட்டுரை/245. வாசிக்க வசதியாக முகவரிகளையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் தருகிறேன்; சர்வரில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் தொடும் முன்

பிரவுசர் காட்டும் பக்கத்தை நம்பாதீர்கள். சர்வர் என்ன பதில் சொல்கிறது என்று பாருங்கள். குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதிக்குப் போய், லாக் அழியாமல் இருக்கவும் கேஷ் (பிரவுசர் சேமித்துவைக்கும் நகல்) வேலை செய்யாமல் இருக்கவும் உள்ள இரண்டு பெட்டிகளையும் டிக் செய்துவிட்டு, உடைந்த முகவரியைத் திறங்கள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்டேட்டஸ் எண் என்ன, லொகேஷன் ஹெடர் (பதிலோடு சர்வர் அனுப்பும் குறிப்பு வரிதான் ஹெடர்) இருந்தால் எங்கே அனுப்புகிறது, கன்டென்ட்-டைப் ஹெடர் என்ன சொல்கிறது. டெர்மினல் பழகியவர்கள் கர்ல் கட்டளையில் ஹைஃபன், பெரிய ஐ சேர்த்தால் ஹெடர் மட்டும் வரும். ஆனால் அது, பக்கத்தைக் கேட்கும் கெட் கோரிக்கைக்குப் பதிலாக, ஹெடரை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கையை அனுப்பும். சில செயலிகள் அதற்கு வேறு மாதிரி பதில் சொல்லும். சந்தேகம் வந்தால் முழுக் கோரிக்கையை அனுப்பிப் பாருங்கள்.

பக்கத்தில் "மன்னிக்கவும், இந்தப் பக்கம் இல்லை" என்று இருக்கும், ஸ்டேட்டஸோ 200, அதாவது எல்லாம் சரி என்று இருக்கும். இப்படியும் நடக்கும். தேடுபொறிக்கு அது நல்ல பக்கம்போலத் தெரியும். இதைக் கண்டால் முதலில் அதை 404 ஆக்குங்கள். இல்லாவிட்டால் எந்த லிங்க் உடைந்தது, எது உடையவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

அறிகுறி: பழைய லிங்க் எல்லாம் 404

மிகப் பரவலான சிக்கல் இதுதான், இணையத்தின் தொடக்க காலத்திலிருந்தே இருக்கிறது. 1998-இல் வந்த பிஎச்பி மூன்றாம் பதிப்போடு .பிஎச்பி3 என்ற எக்ஸ்டென்ஷன் பரவியது. 2000-இல் நான்காம் பதிப்பு வந்ததும் வெறும் .பிஎச்பி வழக்கத்துக்கு வந்தது. மொழி அதேதான், கட்டுரை அதேதான், பதிப்பு எண் ஒன்று ஏறியதற்காக முகவரி செத்தது. .ஏஎஸ்பியிலிருந்து .ஏஎஸ்பிஎக்ஸுக்குப் போனவர்களுக்கும் இதே கதை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: புதிய செயலி பழைய முகவரிக்கே பதில் சொன்னால் என்ன? முகவரியில் .ஏஎஸ்பிஎக்ஸ் இருக்கிறது என்பதற்காக உள்ளே டாட்நெட் ஓட வேண்டிய கட்டாயம் கிடையாது. பைத்தானில் எழுதிய செயலி தாராளமாக /கட்டுரை.ஏஎஸ்பிஎக்ஸ் என்ற பாதையைத் தன் ரவுட்டரில் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் பகுதியில்) வைத்துக்கொள்ளலாம். பிரவுசருக்கு அந்த எழுத்துகள் எதையும் சொல்வதில்லை. அது கன்டென்ட்-டைப் ஹெடரைப் பார்த்துத்தான் இது எச்டிஎம்எல்லா, படமா என்று முடிவு செய்கிறது. முகவரி பார்க்க அழகாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மாற்ற நினைத்தால், மாற்றாதீர்கள் என்றே சொல்வேன்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய முகவரிகளின் முழுப் பட்டியல் வேண்டும். சர்வரின் ஆக்சஸ் லாக் (வந்த கோரிக்கைகளின் பதிவு), கூகுளின் சர்ச் கன்சோல், பழைய சைட்மேப் (பக்கங்களின் பட்டியல்), பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் ஆகிய நான்கையும் சேர்த்தால் ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிடும். ஆக்சஸ் லாகைக் கட்டாயம் பாருங்கள். யாரும் நினைத்தே பார்க்காத ஒரு பிடிஎஃப்புக்கு எங்கோ ஒரு பாடத்திட்டத்திலிருந்து தினமும் ஆட்கள் வந்துகொண்டிருப்பது அதில்தான் தெரியும்.

அப்புறம் ரீடைரக்ட் விதி, அதாவது பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதுக்குத் திருப்பிவிடும் விதி. இங்கே பலரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் ரீரைட்ரூல் என்பது கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பாதையை மட்டும்தான் பார்க்கும். "கட்டுரை.பிஎச்பி?ஐடி=245" என்று முழுசாக எழுதிவிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதைப் பிடிக்க, ரீரைட்காண்ட் வரியில் குவெரி ஸ்ட்ரிங் மாறியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சரி, பொருந்திவிட்டது, இப்போது புதிய முகவரி /கட்டுரை/245?ஐடி=245 என்று பழைய வாலோடு வரும். அப்பாச்சி 2.4-இல் கியூஎஸ்டி என்ற கொடியைச் சேர்த்தால் அது போய்விடும். என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளிலும் லொகேஷன் பகுதி கேள்விக்குறிக்குப் பின்னால் பார்க்காது. அங்கே ஆர்க்_ஐடி மாறியை வைத்து ஒரு மேப் எழுதி, பழைய எண்ணுக்குப் புதிய பாதை என்று பட்டியல் போடுவதே சுத்தமான வழி. அப்பாச்சியின் விதிகள் இருக்கும் .எச்டிஆக்சஸ் கோப்பை அப்படியே என்ஜின்எக்ஸ் சர்வரில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். என்ஜின்எக்ஸ் அதைப் படிக்கவே படிக்காது.

பொருந்தாததை எல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட கட்டுரையைத் தேடி வந்தவரை வாசலில் கொண்டுபோய் விடுவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. கூகுளும் அதை 404 மாதிரியே எடுத்துக்கொள்ளும். நேர் இணை உள்ளதை அந்த இணைக்கு அனுப்புங்கள். உண்மையிலேயே நீக்கப்பட்டதற்கு 410 (நீக்கப்பட்டுவிட்டது என்ற எண்) கொடுங்கள்.

லிங்க்குகளில் பாதி வேலை செய்கிறது, பாதி செய்யவில்லை என்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைச் சோதியுங்கள். விண்டோஸ் சர்வரில் இருந்தவரை "அபவுட்" என்பதன் முதல் எழுத்து பெரியதாக இருந்தாலும் சிறியதாக இருந்தாலும் ஒரே கோப்புதான் திறக்கும். லினக்ஸில் அவை இரண்டு வேறு கோப்புகள்.

அறிகுறி: பக்கம் வருகிறது, ஆனால் அலங்காரம் இல்லை, படங்கள் இல்லை

முகவரியைத் திருத்தியதுமே வரும் சிக்கல் இது. பழைய பக்கத்தில் "ஸ்டைல்.சிஎஸ்எஸ்" என்று வெறும் பெயர் இருந்தது. பக்கம் /கட்டுரை.பிஎச்பியாக இருந்தபோது பிரவுசர் அதை வேர்க் கோப்புறையில் தேடியது. இப்போது பக்கம் /கட்டுரை/245. அதனால் /கட்டுரை/ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்று தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. எல்லா இணைப்புகளையும் சாய்கோட்டில் தொடங்கும்படி மாற்றினால் தீர்ந்தது.

கடைசிச் சாய்கோடும் இதே வேலையைச் செய்யும். /கட்டுரை/245 என்பதும் /கட்டுரை/245/ என்பதும் பிரவுசருக்கு வெவ்வேறு கோப்புறைகள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மற்றதிலிருந்து அதற்கு ரீடைரக்ட் போடுங்கள். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை. இரண்டும் 200 கொடுக்காமல் இருப்பதே முக்கியம்.

அறிகுறி: விதி எழுதியாகிவிட்டது, பக்கமும் வருகிறது, ஐடி மட்டும் காலி

/கட்டுரை/245 திறக்கிறது, ஆனால் எந்தக் கட்டுரை என்பதே செயலிக்குத் தெரியவில்லை. அப்பாச்சியில் மல்டிவியூஸ் என்ற வசதி ஓடிக்கொண்டிருக்கலாம். /கட்டுரை என்று கேட்டதும் அது தானாகவே கட்டுரை.பிஎச்பி கோப்பைக் கண்டுபிடித்து ஓட்டிவிடும். உங்கள் ரீரைட் விதிக்கு வேலையே வராது. ஆப்ஷன்ஸ் வரியில் மல்டிவியூஸுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு அதை நிறுத்துங்கள்.

அறிகுறி: "டூ மெனி ரீடைரக்ட்ஸ்"

நெட்வொர்க் பகுதியில் வரிசையாக 301, அதாவது நிரந்தர ரீடைரக்டுக்கான எண் ஓடுவதைப் பாருங்கள். எந்த இரண்டு முகவரிகளுக்கு நடுவே பந்து போய்வருகிறது என்பதை வைத்துக் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

எச்டிடிபிஎஸ் முகவரியிலிருந்து அதே எச்டிடிபிஎஸ் முகவரிக்கே திருப்பிக்கொண்டிருந்தால், நடுவில் ஒரு ப்ராக்ஸியோ (வாசகருக்கும் உங்கள் சர்வருக்கும் இடையில் நிற்கும் சர்வர்) சிடிஎன்னோ (கோப்புகளின் நகலை வைத்துக்கொண்டு வாசகருக்கு அருகிலிருந்து கொடுக்கும் சேவை) இருக்கிறது. வாசகர் பாதுகாப்பான இணைப்பில்தான் வருகிறார். ப்ராக்ஸி உங்கள் சர்வரோடு வெறும் எச்டிடிபியில் பேசுகிறது. சர்வர் "எச்டிடிபிஎஸ்ஸில் வா" என்று திருப்பி அனுப்புகிறது. கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன்னில் ஃப்ளெக்சிபிள் என்ற எஸ்எஸ்எல் அமைப்பை வைத்தால் சரியாக இதுதான் நடக்கும். சர்வரிலும் சான்றிதழ் போட்டு முழு என்க்ரிப்ஷனுக்கு மாறுங்கள். ப்ராக்ஸி உங்களுடையது என்றால், வாசகர் எந்த வகை இணைப்பில் வந்தார் என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரைப் பார்க்கும்படி செயலிக்குச் சொல்லுங்கள்.

டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளதும் இல்லாததும் மாறி மாறி வந்தால், செயலியின் அமைப்பு ஒன்றைச் சொல்கிறது, சர்வரின் விதி இன்னொன்றைச் சொல்கிறது. ஒரே இடத்தில் முடிவு செய்துவிட்டு மற்றதை நீக்குங்கள்.

/ என்பதற்கும் /இன்டெக்ஸ்.பிஎச்பிக்கும் நடுவே சுழன்றால், எக்ஸ்டென்ஷனை மறைக்க எழுதிய விதி, சர்வர் உள்ளுக்குள் செய்யும் மாற்றத்தையும் பிடித்துக்கொள்கிறது. / என்று கேட்டால் சர்வர் உள்ளே இன்டெக்ஸ்.பிஎச்பியை எடுக்கும், உங்கள் விதி அதைப் பார்த்து / என்று திருப்பும், மறுபடி அதேதான். வாசகர் உண்மையில் கேட்ட வரி அப்பாச்சியில் தி_ரிக்வெஸ்ட் என்ற மாறியில் இருக்கிறது. விதியை அதன் மேல் எழுதினால் சுழல் நிற்கும்.

அறிகுறி: ரீடைரக்டைத் திருத்தியும் பழைய இடத்துக்கே போகிறது

301 என்றால் நிரந்தரம். பிரவுசர் அந்தச் சொல்லை நம்பி நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை சர்வரைக் கேட்காமலேயே போகும். உங்கள் கணினியில் கேஷை அழித்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வந்துபோன வாசகர்களின் கேஷை நீங்கள் அழிக்க முடியாது. ஆகவே சோதிக்கும்வரை தற்காலிகம் என்று சொல்லும் 302 வையுங்கள், எல்லாம் சரியான பிறகு 301-க்கு மாறுங்கள். அப்போதும் அந்தப் பதிலில் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரைச் சேர்த்து ஒரு நாள், ஒரு வாரம் என்று காலம் குறித்துவிட்டால், பின்னால் திருத்த இடம் இருக்கும்.

அறிகுறி: படிவத்தை அனுப்பினால் தரவு காலியாக வருகிறது

தரவைச் சுமந்துவரும் போஸ்ட் கோரிக்கைக்கு 301 பதில் வந்தால் பிரவுசர்கள் அதை கெட் கோரிக்கையாக மாற்றி அனுப்பிவிடும். படிவத்தில் நிரப்பியதெல்லாம் வழியிலேயே போய்விடும். ஏபிஐ (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் வழி) முகவரியை மாற்றியவர்களுக்கு இது நிறைய வரும். போஸ்ட் வரும் முகவரிகளுக்கு 308 கொடுங்கள். அது முறையையும் தரவையும் அப்படியே கொண்டுபோகும். பைத்தானில் சைட் கட்டும் ஜாங்கோவைப் பயன்படுத்துகிறவர்கள் படிவத்தின் ஆக்‌ஷன் முகவரியில் கடைசிச் சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஜாங்கோ தானாக ஒரு 301 போட்டுச் சாய்கோட்டைச் சேர்க்கும். சோதனைக்கான டீபக் நிலையில் பிழை காட்டி எச்சரிக்கும். நேரலையில் சத்தமில்லாமல் தரவு காணாமல் போகும்.

அறிகுறி: பக்கம் திறக்காமல் டவுன்லோட் ஆகிறது, அல்லது நிரல் (கோடு) அப்படியே தெரிகிறது

இதை உடனே கவனியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். .பிஎச்பி கோப்பை யார் ஓட்டுவது என்று சர்வருக்குத் தெரியாததால் அதை வெறும் கோப்பாகக் கையில் கொடுத்துவிடுகிறது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அந்தக் கோப்பில் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். சைட்டைத் தற்காலிகமாக மூடிவிட்டு, பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் ஓடுகிறதா, சர்வரின் அமைப்பில் அதற்கான பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். கோடு வெளியே போயிருந்தால் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

இதன் உறவுக்காரச் சிக்கல்கள் சில உண்டு. .இன்க் என்று பெயர் வைத்த சேர்ப்புக் கோப்புகள், எடிட்டர் விட்டுப்போன .பேக் கோப்புகள் ஆகியவற்றுக்கு ஓட்டுநர் யாரும் கிடையாது. கேட்டவருக்கு எழுத்து எழுத்தாகப் போகும். அவற்றை வெப்ரூட்டுக்கு (வெளியுலகம் எட்டக்கூடிய கோப்புறைக்கு) வெளியே வையுங்கள். இன்னொன்று, அப்பாச்சி ஒரு கோப்புப் பெயரில் உள்ள எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் பார்க்கும். ஆட்ஹேண்ட்லர் வரியில் .பிஎச்பியைக் கொடுத்திருந்தால், யாரோ ஏற்றிய படம்.பிஎச்பி.ஜேபெக் என்ற கோப்பும் நிரலாக ஓடக்கூடும். அந்த வரியை எடுத்துவிட்டு, பெயர் .பிஎச்பி என்று முடிந்தால் மட்டும் பொருந்தும் ஃபைல்ஸ்மேட்ச் விதியாக எழுதுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வருகிறது, ஆனால் மைம் டைப் (கன்டென்ட்-டைப்பில் வரும் கோப்பு வகை) சரியில்லை என்று பிரவுசர் கன்சோலில் புலம்பினால், .எம்ஜேஎஸ் மாதிரியான எக்ஸ்டென்ஷன் உங்கள் சர்வரின் மைம் பட்டியலில் இல்லை. பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். கோப்பின் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான புகாரும் வரும்: பிடிஎஃப் டவுன்லோட் ஆகிறது, ஆனால் "245" என்ற பெயரில் வால் இல்லாமல் இறங்குகிறது, போனில் திறக்கவில்லை. முகவரியில் எக்ஸ்டென்ஷனை எடுத்தவர்கள் அந்த வேலையை ஹெடருக்குக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். கன்டென்ட்-டைப்பில் பிடிஎஃப் என்று சொல்லுங்கள். கன்டென்ட்-டிஸ்போசிஷனில் கோப்புப் பெயரை எக்ஸ்டென்ஷனோடு கொடுங்கள். தமிழ்ப் பெயர் என்றால் ஃபைல்நேம் என்ற சொல்லோடு நட்சத்திரக் குறி சேர்த்த வடிவில், யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

அறிகுறி: உள்ளேயிருந்து போனால் வருகிறது, ரெஃப்ரெஷ் செய்தால் 404

ரியாக்ட், வியூ போன்றவற்றில் எழுதிய ஒற்றைப் பக்கச் செயலி. முகவரியைப் பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட் மாற்றிக்கொள்கிறது. சர்வருக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. என்ஜின்எக்ஸில் ட்ரை_ஃபைல்ஸ் வரியில், கோப்பு இல்லாவிட்டால் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் கொடு என்று எழுதுவார்கள். சரிதான், ஆனால் அதோடு நிறுத்தினால் அடுத்த அறிகுறி வரும்: "அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்" என்ற பிழையோடு வெள்ளைத் திரை. புதிய பதிப்பை ஏற்றியதும் பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு போய்விட்டது. திறந்தே கிடக்கும் பழைய தாவல் அதைக் கேட்கிறது. சர்வர் 404 சொல்லாமல் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்லை நீட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்டை எதிர்பார்த்த பிரவுசர் முதல் எழுத்தாகக் கோண அடைப்பைப் பார்த்துத் திகைக்கிறது. அசெட்ஸ் கோப்புறைக்கு இந்தச் சலுகை வேண்டாம். அங்கே இல்லாதது இல்லாததாகவே இருக்கட்டும். முந்தைய பதிப்பின் கோப்புகளையும் சில நாள் விட்டுவையுங்கள்.

இதில் எக்ஸ்டென்ஷன் உதவுவதைக் கவனியுங்கள். பக்கங்களுக்கு வால் வேண்டாம் என்று சொல்லும் நானே, படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு அது இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். கிளவுட்ஃப்ளேர் மாதிரியான சிடிஎன்கள் எதை கேஷ் செய்வது என்று இயல்பாக எக்ஸ்டென்ஷனை வைத்துத்தான் முடிவு செய்கின்றன.

பழைய சைட் முகவரியில் ஹேஷ் குறியும் ஆச்சரியக்குறியும் இருந்தால் வேறு வழி வேண்டும். 2009-இல் கூகுள் முன்வைத்து, 2015-இல் கைவிட்ட முறை அது. ஹேஷுக்குப் பின்னால் உள்ளதைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. சர்வரில் எத்தனை ரீடைரக்ட் எழுதினாலும் பிடிபடாது. முகப்புப் பக்கத்தில் ஐந்தாறு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, ஹேஷைப் படித்துப் புதிய முகவரிக்கு அனுப்ப வேண்டும். அந்த வரிகளைப் பின்னால் வருகிறவர்கள் தேவையில்லாதது என்று அழித்துவிடுவார்கள். பக்கத்திலேயே காரணத்தை எழுதிவையுங்கள்.

அறிகுறி: பெயரில் புள்ளி இருந்தால் மட்டும் பிழை

/பயனர்/குமார்.வி என்றால் குமார் மட்டும் வருகிறது. ரூபி மொழியில் சைட் கட்டப் பயன்படும் ரெயில்ஸ் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதைக் கோப்பு வடிவம் என்று எடுத்துக்கொள்ளும். ஜாவா மொழியில் அதே வேலையைச் செய்யும் ஸ்பிரிங்கின் பழைய பதிப்புகளும் அப்படித்தான், 5.3-இலிருந்து அந்தப் பழக்கம் இயல்பாக நிறுத்தப்பட்டுவிட்டது. ரவுட்டில் அந்தப் பகுதிக்குப் புள்ளியும் சேரும் என்று விதி எழுதலாம். புதிதாக வடிவமைக்கிறீர்கள் என்றால் அடையாளத்தில் புள்ளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒருவரின் கணக்குப் பக்கம் இன்னொருவருக்குத் தெரிகிறது

/கணக்கு/ஏதோ.சிஎஸ்எஸ் என்று கேட்டால் உங்கள் செயலி வாலைக் கண்டுகொள்ளாமல் /கணக்கு பக்கத்தையே கொடுக்கிறதா? நடுவில் உள்ள சிடிஎன் .சிஎஸ்எஸ் என்பதைப் பார்த்து அதைப் பொதுக் கோப்பு என்று சேமித்துவிடும். 2017-இல் வெப் கேஷ் டிசெப்ஷன் என்ற பெயரில் இந்தத் தாக்குதல் வெளிச்சத்துக்கு வந்தது. தெரியாத வால் ஒட்டிய முகவரிகளுக்கு 404 கொடுங்கள். உள்நுழைந்தவருக்கான பக்கங்களில் சேமிக்காதே என்ற கேஷ் ஹெடர் கட்டாயம்.

அறிகுறி: தமிழ்த் தலைப்புள்ள முகவரிகள் மட்டும் வெட்டுப்படுகின்றன, திறப்பதில்லை

இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிப் பக்கங்களில் இதற்குப் பதில் சுலபத்தில் கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆகப் பதினைந்து. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும், ஆக 45. மூன்றெழுத்துச் சொல் 45 இடத்தை அடைக்கிறது. வேர்ட்பிரஸ் கட்டுரை முகவரிக்கு டேட்டாபேஸில் ஒதுக்கியிருப்பது 200 இடம், அதில் சேமிப்பதும் இந்த விரிந்த வடிவத்தைத்தான். அதாவது ஏறத்தாழ 22 தமிழ்க் குறியீடுகள். இரண்டு மூன்று சொல்லுக்குள் தலைப்பு அறுந்துவிடும். ஒரே மாதிரித் தொடங்கும் தொடர் கட்டுரைகள் எல்லாம் ஒரே முகவரியாகி, பின்னால் 2, 3 என்று எண் ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அரைத் திரைக்குச் சதவீதக் குறிகள் ஓடும். நகலெடுக்கும்போது கடைசிப் பகுதி விட்டுப்போனால் லிங்க் செத்தது.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. "கோ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம்; அல்லது இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகச் சேர்க்கலாம். திரையில் மயிரிழை வித்தியாசம்கூட இருக்காது. ஆனால் பைட்டுகள் வேறு, ஆகவே முகவரி வேறு. மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை இப்படிப் பிரித்தே பெயரைச் சேமிக்கும். அங்கிருந்து ஏற்றிய கோலம்.ஜேபெக் லினக்ஸ் சர்வரில் பிரிந்த வடிவில் கிடக்கும். கட்டுரையில் நீங்கள் தட்டிய "கோலம்" சேர்ந்த வடிவில் இருக்கும். படம் வராது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஏன் என்று புரியாது. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய் உள்ள முகவரிகள் மட்டும் உடைகின்றனவா என்று பாருங்கள். ஆம் என்றால் இதுதான். உள்ளே வரும் முகவரியை, சேமிக்கும் பெயரை, தேடும் பெயரை எல்லாம் என்எஃப்சி என்ற இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். பெரும்பாலான மொழிகளில் இது ஒரே வரி.

அப்படியானால் தமிழ் முகவரியே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். பிளாக்கரில் தமிழ்த் தலைப்பிட்டு எழுதிய எத்தனையோ பதிவுகள் தமிழ் எழுத்துகளை இழந்து, பிளாக்-போஸ்ட்_12.எச்டிஎம்எல் என்று எல்லாம் ஒரே பெயரில் கிடக்கின்றன. முகவரியைப் பார்த்து எது கவிதை, எது சமையல் குறிப்பு என்று சொல்ல வழியில்லை. நான் பரிந்துரைப்பது எண்ணும் தலைப்பும் சேர்ந்த வடிவம்: /கட்டுரை/245/கோலமும்-கணக்கும். செயலி 245-ஐ மட்டும் படிக்கட்டும். தலைப்புப் பகுதி அறுந்தாலும், ஆசிரியர் பின்னால் தலைப்பைத் திருத்தினாலும், எண் இருக்கும்வரை கட்டுரை திறக்கும். சரியான வடிவத்துக்கு ஒரு 301 போட்டால் போதும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் கேள்விப் பக்கங்கள் இந்த முறையில்தான் இருக்கின்றன. மதுரைத் திட்டத்தின் மின்னூல்களுக்கும் பெயர் எண்தான்: பிஎம்யூனி0001.எச்டிஎம்எல் என்ற வரிசை. அந்தப் பாதையில் யூடிஎஃப்8 என்ற சொல்லும் இருக்கிறது. ஒரே நூல் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையிலும் யூனிகோடிலும் தனித்தனியாக வேண்டியிருந்த காலத்தின் தடம் அது.

புதிதாக முகவரி வைக்கிறவர்களுக்கு

உலகின் முதல் வலைத்தளம் செர்ன் ஆய்வகத்தில் ஒரு நெக்ஸ்ட் கணினியில் ஓடியது. அந்தக் கணினிக்கு என்எக்ஸ்ஓசி01 என்று ஒரு பெயர் இருந்தது. தளத்துக்கு வைத்ததோ இன்ஃபோ.செர்ன்.சிஎச் என்ற பொதுப்பெயர். 2013-இல் அந்தப் பக்கத்தைச் செர்ன் அதே முகவரியில் மீட்டு வைத்தது, இன்றும் திறக்கிறது. அதன் கடைசியில் .எச்டிஎம்எல் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வால் இருப்பதால் முகவரி சாவதில்லை. வாலை மாற்றும்போது பழையதைக் கைவிடுவதால்தான் சாகிறது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே இதை எழுதிவைத்தார்: எக்ஸ்டென்ஷன், மென்பொருளின் பெயர், எழுதியவரின் பெயர், வரைவு, இறுதி என்ற நிலை இவையெல்லாம் முகவரியில் வேண்டாம், ஏனென்றால் இவை மாறும். எழுதிய தேதி மாறாது, அது இருக்கலாம்.

நான் இன்னும் இரண்டைச் சேர்ப்பேன். பிரிவின் பெயரை முகவரியில் வைக்காதீர்கள். /அரசியல்/ என்பதில் இருந்த கட்டுரை நாளை /வரலாறு/ பகுதிக்குப் போகும். உள்நுழைந்தவரை அடையாளம் காணும் செஷன் எண்ணை முகவரியில் விடாதீர்கள். ஜாவா சர்வர்கள் வைக்கும் ஜேசெஷன்ஐடி என்ற அப்படிப்பட்ட எண் ஒட்டிய லிங்க்கை ஒருவர் பகிர்ந்தால் அவருடைய உள்நுழைவையே பகிர்ந்த மாதிரி ஆகிவிடலாம்.

பழைய முகவரிகளை ஒரு சாதாரண உரைக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றும் எந்த ஸ்டேட்டஸோடு எங்கே போக வேண்டும் என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறை சைட்டைப் புதுப்பித்ததும் அதை ஒரு சின்ன நிரலால் ஓட்டிப் பாருங்கள். ஒரு ரீடைரக்ட் இன்னொன்றுக்குப் போய் அது மூன்றாவதுக்குப் போகிற சங்கிலி இருந்தால், முதலிலிருந்து நேராகக் கடைசிக்கு மாற்றுங்கள். பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் பாட், பத்து ரீடைரக்டுக்கு மேல் பின்தொடராது. ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள் என்பது கூகுளின் அறிவுரை. அது தேடுபொறிக்கான கணக்கு. அச்சான புத்தகத்தின் அடிக்குறிப்பில் உள்ள லிங்க்கை யாரும் வந்து திருத்தப் போவதில்லை, ஆகவே நான் எடுப்பதே இல்லை.

கடைசியாக டொமைன். அது தனி ஒருவரின் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால், அமைப்பின் பொது மின்னஞ்சலுக்கு இன்றே மாற்றுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டு, அதில் கொடுத்த கார்டு எப்போது காலாவதியாகிறது என்று இரண்டு பேருடைய காலண்டரில் குறித்துவையுங்கள்.